தொரை பங்களாவில் பூச்சு விழா

பேச்சி துப்பிய எச்சில் வெள்ளையாக இருந்தது. அவள் இன்னும் பல் தேய்க்கவே ஆரம்பிக்கவில்லை. பிரஷ் ஈரம் படாமல் கையில்தான் இருந்தது. விடுதிக் குழாயடியில், பாசி படிந்த சிமெண்டுத் தரையில் விழுந்த அந்த எச்சில் ஓடாமல், கரையாமல், அரைத்த உளுந்து மாவைப் போலக் கெட்டியாகக் கிடந்தது. அதன் நடுவே ஒரு மயிர் சுருண்டிருந்தது. செம்பட்டை நிறம், முழ நீளம். அந்த விடுதியில் யாருக்கும் அப்படிப்பட்ட முடி கிடையாது.

“என்னட்டி இது?” என்றாள் சுகப்பிரியா.

“சளிக்கா,” என்று சொல்லிவிட்டு, பேச்சி ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்த்தாள். வெள்ளை போனது. மயிர் மட்டும் சாக்கடை மூடியின் துளையில் சிக்கி, தண்ணீர் நின்ற பிறகும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

பேச்சி அவளுக்குச் சித்தி மகள். அம்பாசமுத்திரத்திலிருந்து அவளைக் கூட்டிவந்து, ஒரகடத்தில் தான் வேலை பார்க்கும் பிரேக் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டது சுகப்பிரியாதான். “அவ உன் பொறுப்பு, பாத்துக்க,” என்று சித்தி ரயிலடியில் வைத்துச் சொன்னது இன்னும் காதில் கிடந்தது. வந்த புதிதில் பேச்சி வார லீவு நாளெல்லாம் போர்வைக்குள் கிடந்து அழுவாள். ஆடி மாதத்தில் லைனில் யாரோ சொல்லி, சேரப்பணஞ்சேரிப் பக்கம் விக்டோரியா ராணி காலத்து பங்களா ஒன்றில் வட்டார வரலாற்றுக் கழகம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தாள். பாட்டு, நாடகம், பழைய படங்களின் கண்காட்சி, எல்லாருக்கும் சாப்பாடு. அதோடு அழுகை நின்றது. “அங்க நம்ம வீடு மாதிரி இருக்குக்கா. எல்லாரும் பேர் சொல்லிக் கூப்புடுதாவ,” என்றாள். சுகப்பிரியாவுக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அறையில் அந்த வாடை வர ஆரம்பித்தது. முதலில் எங்கோ எலி செத்துக் கிடப்பதாக நினைத்துக் கட்டிலுக்கடியில் துழாவினாள். எலி இல்லை. பேச்சியின் தலையணையை முகர்ந்தபோது, புளித்துப்போன வெல்லமும் கூமுட்டையும் சேர்ந்த ஒரு கனத்த நாற்றம் மூக்கில் ஏறி, அன்று முழுவதும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி அறைக் கதவைத் திறந்தபோது, பேச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நகத்தால் வெள்ளையடித்த சுவரைச் சுரண்டி, விரலை வாயில் வைத்து, பால் குடிக்கும் பிள்ளையைப் போலக் கண்ணை மூடிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“இந்த ஞாயித்துக்கெழம நானும் வாரேன்,” என்றாள் சுகப்பிரியா.

பேச்சியின் முகம் மலர்ந்தது. “நெசமாவாக்கா? அன்னைக்குத்தான் பூச்சு விழா!”

ஷேர் ஆட்டோ ஏரிக்கரையில் இறக்கிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம்தான்; ஆனாலும் மேகம் கவிந்து சாயங்காலம் போலிருந்தது. புதிதாக எழுந்த தொழிற்சாலையின் நீல மதிலுக்குப் பின்னால், ஊர்க்காரர்கள் தொரை பங்களா என்று சொல்லும் அந்த வீடு நின்றது. கூம்பு கூம்பாய் ஓட்டுக் கூரை, நீண்ட புகைபோக்கி, நிறக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள். வாசலில் பேனர். ஷாமியானாவுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலங்கள், ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள். கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார். வீணாகப் பயந்துவிட்டோமோ என்று சுகப்பிரியாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

காற்று திரும்பியது. அதே வாடை.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு குழி வெட்டி, அதில் பூச்சுக் கலவையைப் போட்டிருந்தார்கள். சேலையையும் பேன்ட்டையும் முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக அதற்குள் இறங்கி, சிரித்துப் பேசியபடி மிதித்துக்கொண்டிருந்தார்கள். கால் எடுக்கும்போதெல்லாம் கலவை ஒட்டிக்கொண்டு மேலே வந்து, பெரிய வாய் ஒன்று சப்புக்கொட்டுவது போன்ற ஓசையோடு பின்வாங்கியது. மேலே ஈ மொய்த்தது. கழகத் தலைவர் நரசிம்மன், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு கறைகூட இல்லாமல் கரையில் நின்று மைக்கில் விளக்கினார்: “சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி, முட்டையோட வெள்ளைக்கரு. விரிசல் விடாம இருக்கறதுக்கு மயிர். இந்த வீட்டுச் சுவருக்கு நூத்திருபது வருஷமா நாம ஊட்டிக்கிட்டு வர்றோம்.”

‘ஊட்டிக்கிட்டு’ என்றுதான் சொன்னார். சுகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

பேச்சி ஏற்கெனவே குழிக்குள் இறங்கியிருந்தாள்.

“இன்னாமா, புச்சா?” சேரப்பணஞ்சேரிக்காரி ரத்னா, பந்தி பார்ப்பவள், ஒரு தொன்னையை நீட்டினாள். உள்ளே வெண்ணெய் போல ஏதோ இருந்தது. “துன்னு. வூட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போவக் கூடாது.”

சுற்றிலும் எல்லாரும் அதையே வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். ரத்னா நகரவில்லை. அவளுடைய பல் இடுக்கெல்லாம் வெள்ளை. சுகப்பிரியா ஒரு விரலளவு எடுத்து வாயில் வைத்தாள். கருப்பட்டித் தித்திப்பு, பிறகு நாக்கைப் பொசுக்கும் சுண்ணாம்புக் காரம், விழுங்கின பிறகு, அடிநாக்கில் ஒரு குறுகுறுப்பு. விரலைவிட்டுத் துழாவினாள். மயிர். இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. உதட்டுக்கு வெளியே முழ நீளம் தொங்கிய பிறகு நின்றுவிட்டது. மீண்டும் இழுத்தபோது, வயிற்றுக்குள் ஏதோ ஒன்று அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு திருப்பி இழுத்தது.

பல்லால் கடித்து அறுத்தாள். மிச்சம் தானாகவே தொண்டைக்குள் வழுகி இறங்கியது.

வேலியோரம் ஓடிக் குமட்டினாள். எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. குழி காலியாக இருந்தது. ஷாமியானாவில் பிள்ளைகள் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். பேச்சியும்.

“பேச்சி!”

வாசற்படியில் வெள்ளைக் காலடிகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். நடையில் வெளிச்சமில்லை. நிறக் கண்ணாடி வழியே வந்த கொஞ்சநஞ்ச ஒளி தரையில் பழைய ரத்தக் கட்டு போலக் கிடந்தது. தடவிப் பிடிக்கச் சுவரில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கல்லின் கடினம் இல்லை. கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தொடுவது போல, வழுவழுப்பாக, லேசாக உள்வாங்கியது. கையை வெடுக்கென்று எடுத்தாள். உள்ளங்கை முழுக்க நூல்நூலாய் வழிந்தது. பாவாடையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

உள்ளே சத்தம் கேட்டது. சப்பு, சப்பு, சப்பு. மிதிக்கிற சத்தமில்லை. அதைவிடச் சின்னது. நிறைய.

உள்கூடம்.

நான்கு சுவர் ஓரமும் ஆட்கள் நின்றார்கள். சுவரைப் பார்த்து. முகத்தை அதில் பொருத்தி. சூப்பர்வைசர். அவர் மனைவி. பேர் தெரியாத ஒரு கிழவர். தாடைகள் அசைந்தன. கன்னத்தில் எச்சிலும் சுண்ணாம்பும் வழிந்தன. அவர்கள் நக்கிய இடத்தில் சுவர் சிவந்திருந்தது. அது உள்ளே போய் வெளியே வந்தது. தொண்டை விழுங்குவது போல.

பேச்சி ஒருத்திதான் இவள் பக்கம் திரும்பி நின்றாள். முதுகைச் சுவரில் சாய்த்திருந்தாள். பின்னல் தெரியவில்லை. காதுகள் தெரியவில்லை.

“ஏட்டி. வா. போவோம்.”

“நீ வந்துட்டியாக்கா,” என்றாள் பேச்சி, தூக்கம் சொக்கும் குரலில். “இங்க வெதுவெதுன்னு இருக்கு.”

சுகப்பிரியா அவள் வலது கையைப் பிடித்து இழுத்தாள். பேச்சியின் தோள் ஓர் அங்குலம் வந்தது. தோளோடு சுவரும் வந்தது. ஜவ்வாக. அதற்குள் நரம்பு நரம்பாய் மயிர்கள். செம்பட்டை, நரை, கறுப்பு. பேச்சி வீறிட்டாள்.

“வலிக்குக்கா! விட்டுரு! விட்டுரு!”

“இஸ்காதமா,” பின்னாலிருந்து ரத்னா சொன்னாள். கோபமே இல்லை, பிள்ளை பெறும் வீட்டில் பக்குவம் சொல்வது போலச் சொன்னாள். “பாதில இஸ்த்தா பிஞ்சி பூடும்.”

இழுத்தாள். கிழியும் சத்தம் கேட்டது. துணி கிழியும் சத்தமில்லை.

நிறுத்தினாள். நிறுத்தாமல் இருக்க முடியவில்லை.

சுவர் அந்தத் தோளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகு கழுத்தை. நரசிம்மன் பூச்சுக் கரணையும் சட்டியுமாக வந்தார். “கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா,” என்று மரியாதையாகச் சொல்லி, கலவையை அள்ளி, பேச்சியின் நெற்றியிலிருந்து கீழாக வழித்துப் பூசினார். கண். மூக்கு. அவசரமில்லாமல், ஓரங்களை ஒதுக்கி. மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்த வாய் கடைசியாகப் போனது.

கையை மட்டும் விட்டுவைத்தார். சுகப்பிரியா அதை விடவில்லை. சூடாக இருந்தது. வியர்த்திருந்தது. சுவரிலிருந்து முளைத்த அந்தக் கை அவள் கையை இறுகப் பற்றியது. தள்ளவில்லை. இழுத்தது.

சுற்றி நின்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

வாய் இருந்த இடத்தில், ஈரப் பூச்சில், ஒரு குமிழ் உப்பியது. உடைந்தது. அதே இடத்தில் மறுபடி உப்பியது. நரசிம்மன் கரணையின் முனையால் அதைத் தட்டித் தட்டி அமுக்கினார்.

மறுபடி உப்பியது.