அண்டாவுக்குள் இரண்டு சட்டை

வெந்நீரில் போட்டால் சுருங்காத துணி இந்த உலகத்தில் இன்னும் நெய்யப்படவில்லை என்று முரளிதரன் அறிவித்தான். பொதட்டூர்பேட்டையில் அவன் வீட்டில் மூன்று தறிகள் ஓடின. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த துணியெல்லாம் முதல் நனைப்பிலேயே சுருங்கியிருக்கிறது. ஆகவே அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அவன் வந்து தங்கியிருந்த சித்தி வீட்டில், சித்தி மகள் அனுசுயாவுக்குத்தான் சந்தேகம். விடிந்தால் குடியரசு தினம். திருத்தணியில் அவள் பள்ளி அணிவகுப்புக்கு அவள்தான் தலைவி. தலைவிக்கென்று பள்ளி வைத்திருக்கும் முழுக்கைச் சட்டையோ அவளைவிட உயரமான யாருக்கோ தைத்தது. ஒத்திகையில் சல்யூட் அடித்தபோது விரல்கள் வெளியே வரவில்லை. சட்டைக் கை மட்டும் கொடி மாதிரி ஆடியது. நாளைக்கும் இப்படி ஆடினால் அடுத்த வரிசையில் நிற்கும் கல்பனாதான் முன்னால் போவாள் என்று விளையாட்டு ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"உள்பக்கம் மடிச்சு ஓட்டுத் தையல் போட்டா போதும்ண்ணா. ஸ்கூல் சட்டை. அப்புறம் பிரிச்சுக் குடுத்துடலாம்."

"கோணி மூட்டை மாதிரி தெச்சுகினு போவியா? ஊரே சிரிக்கும்" என்றான் முரளி.

அவள் கடைக்குப் போய் நூல் வாங்கி வருவதற்குள் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. சட்டை உள்ளே கிடந்தது. அனுவின் அம்மா அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. தன் பேச்சுக்குச் சாட்சியாக, போட்டிருந்த, வீட்டுத் தறியில் நெய்த புதுப் பருத்திச் சட்டையையும் கழற்றி உள்ளே அமுக்கியிருந்தான் முரளி.

"யாரைக் கேட்டு போட்ட?" அனு அண்டாவை எட்டிப் பார்த்தாள். "அடுத்த வருஷம் போடறவங்க என்னைவிட பெரிசா இருந்தா?"

முரளி அதை யோசித்திருக்கவில்லை. அவசரமாகக் குச்சியால் இரண்டையும் தூக்கினான்.

பள்ளிச் சட்டை ஒரு விரற்கடைகூடச் சுருங்கவில்லை. அது பாலியஸ்டர் கலந்தது. முரளியின் சட்டை மட்டும் அவன் சொல்லைக் காப்பாற்றியது. போட்டுப் பார்த்தால், பொத்தானுக்கும் அதன் துளைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

அனுவுக்குச் சிரிக்க நேரமில்லை. ஈரச் சட்டையைத் துண்டில் சுருட்டிப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே விரித்தாள். நொடிக்கு ஒருதரம் காலரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்ததும் தோளிலும் கையிலும் உள்பக்கமாக மடித்துத் தைத்தாள். கண்ணாடி முன் நின்று சல்யூட் அடித்தாள்.

ஐந்து விரலும் தெரிந்தன. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அணிவகுப்பைப் பார்க்கத்தான் வந்திருந்தான் முரளி. மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை. கிடைத்தது அனுவின் அப்பா சட்டை. அது அவன் முழங்காலைத் தொட்டது.

காலையில் அனு கிளம்பும்போது அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மடியில் அனு அப்பாவின் சட்டை. தோளை உள்பக்கமாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். தையல் கோணலாகப் போனது.

அனுவுக்குக் கோணி மூட்டை நினைவுக்கு வந்தது. கோணல் தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலை மட்டும் அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பள்ளிக்கு ஓடினாள்.