மூளையில் வெட்டிய வரப்பு

காலை ஒன்பதே காலுக்குப் போன் அலறியது.

தேவதர்ஷினி ஒரு கையால் ரிசீவரை எடுத்தாள். மறு கையால், கீபோர்டுக்கு இடது பக்கம் கிடந்த மவுஸை வலது பக்கம் நகர்த்தி வைத்தாள். யார் இதை இங்கே கொண்டுபோய் வைத்தது...?

"மேடம், நான் கச்சிராயபாளையம் ராஜாங்கத்தோட பையன் சிவசங்கர். நேத்து சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கினேன். அப்பாவுக்கு மூள தேஞ்சி போச்சாமே. வெள்ளிக்கிழம கல்யாணத்த நிறுத்த கோர்ட்டுக்கு இது ஒண்ணு போதும். ரொம்ப தேங்க்ஸுங்க."

போன் வைக்கப்பட்டது.

அவள் ரிசீவரைக் கீழே வைத்தாள். தேய்ந்ததா?

கள்ளக்குறிச்சியில் அந்த ஸ்கேன் சென்டருக்குத் தலையைக் காட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் மறதிக்காரர்கள். ஞாபகத்தைக் காக்கும் பகுதி, மூளைக்குள் அவரைக்காய் மாதிரி வளைந்து கிடக்கும். கம்ப்யூட்டர் தானாகவே அதற்கு எல்லை போடும். ஆனால் வயதானவர்களின் மூளையில் அது சறுக்கிவிடும். அதனால் தேவதர்ஷினியே உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் மவுஸால் எல்லைக்கோடு வரைவாள். கோட்டுக்குள் எவ்வளவு அடங்குகிறதோ, அதுதான் ரிப்போர்ட்.

ராஜாங்கத்துக்கு அறுபத்தாறு வயது. மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம். மறுகல்யாணம் என்று அவர் வாயைத் திறந்ததும், அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மகன்தான் ஸ்கேனுக்கு அனுப்பினான். நேற்றுக் காலை அவள் வரைந்தபோது அளவு மூன்று மில்லிலிட்டர் இருந்தது. பழுதே இல்லாத மூளை!

பைலைத் திறந்தாள்.

ஒன்று புள்ளி ஏழு!

யாரோ கோட்டை மாற்றியிருந்தார்கள். நேற்று மதியம் ஒன்று இருபதுக்கு. மாற்றியவர் பெயர்...

தேவதர்ஷினி!

ஒன்று இருபதுக்கு அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் சன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் கம்ப்யூட்டரை மூடாமல் கிளம்பியது இப்போதுதான் உறைத்தது.

சென்டரை நடத்தும் டாக்டர் அறிவுச்செல்வன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பழைய கோட்டையே திருப்பிப் போட்டுடறேன் சார்."

"நேத்து ஒரு அளவு, இன்னிக்கு ஒரு அளவா? எந்தக் கோர்ட்டும்மா நம்பும்? யார் மாத்தினாங்கன்னு பன்னெண்டு மணிக்குள்ள தெரியணும். இல்லன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

அம்சவள்ளிதான் டீ கொண்டுவந்து ஆறுதல் சொன்னாள். நோயாளிகளுக்கு உடை மாற்றி, மெஷினில் படுக்க வைக்கிறவள். ஐம்பத்தெட்டு வயது, புருஷனை இழந்தவள். சும்மா இருக்கும் நேரத்தில் தேவதர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கோடு போடுவதை வேடிக்கை பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை கல்யாணப் பெண்ணும் அவள்தான்!

"பையனே ஆள் வெச்சி பண்ணியிருப்பானோ, தர்ஷினி?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பதினோரு மணிக்கு டவுன் பஸ் பிடித்து ராஜாங்கமே வந்துவிட்டார். மகன் தன்னை வீட்டோடு பூட்டிவைக்கப் பார்க்கிறான் என்றார். எந்த மூளையை வைத்துப் பூட்டுகிறான் என்று பார்க்க வேண்டுமாம். தேவதர்ஷினி திரையைக் காட்டினாள். அவள் வரைந்தது மஞ்சள். யாரோ மாற்றியது சிவப்பு.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உற்றுப் பார்த்தார்.

"இன்னாமா இது, வரப்ப வெட்டிக்கிறாங்க."

"வரப்பு இல்லைங்க ஐயா. எல்லைக்கோடு."

"அதுக்குப் பேருதாம்மா வரப்பு. அடுத்த படம் காட்டு... அதுக்கடுத்தது... ஆங். ஒரே எடத்துல வெட்டினா தெரிஞ்சிடும்னு எல்லாத்துலயும் துளித்துளியா செதுக்கிக்கினே போயிருக்கு. முடியற எடத்துல பாரு, ஒரு வளைவு. மம்முட்டிய எடக்கையால போட்டாத்தான் இப்பிடி வளையும்."

இடது கை!

காலையில் இடது பக்கம் கிடந்த மவுஸ்...!

"ஐயா... உங்க பையனுக்கு இடது கைப் பழக்கமா?"

"அவனுக்கு மம்முட்டி எந்தக் கையில புடிக்கறதுன்னே தெரியாது." அவர் மெல்லச் சிரித்தார். "இந்த வெட்ட நான் ஒம்பது வருசமா பாத்துக்கினு இருக்கேன். கோமுகி டேமுல தண்ணி தொறந்தா போதும், என் கரும்புக் கொல்ல வரப்புல நாலு வெரலு காணாம போவும். பக்கத்து நெலத்துக்காரங்க வேல."

"யாருங்க பக்கத்து நெலம்?"

'டணார்...!'

வாசலில் டீ டம்ளர் உருண்டது. அதைப் பிடிக்க நீட்டிய இடது கை, நீட்டியபடியே நின்றது.

அம்சவள்ளி!

சத்தம் கேட்டு டாக்டரும் வந்துவிட்டார். அம்சவள்ளி எதையும் மறைக்கவில்லை. திறந்து கிடந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததையும், மவுஸால் செதுக்கியதையும் ஒப்புக்கொண்டாள்.

"கல்யாணம் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள் தேவதர்ஷினி, பாவமாக.

"ஐயோ, புடிச்சதாலதாம்மா செஞ்சேன். இந்த மனுசனுக்கு எதுவும் மறக்காது. நாளைக்கு கொழம்புல உப்பு கம்மியா இருந்தா, 'வரப்பு வெட்டினவதான நீ'ன்னு ஆரம்பிப்பாரு. மறதின்னு டாக்டரு சீட்டு ஒண்ணு வூட்டுல இருந்தா, 'உனக்கு மறதி, பேசாம துண்ணு'ன்னு வாய அடைச்சிடலாம்னு பாத்தேன். அந்தப் புள்ள அத கோர்ட்டுக்கு தூக்கினு போவும்னு கனவா கண்டேன்?"

டாக்டர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு!

அவள் சொன்னதை எழுதி வாங்கினார். மஞ்சள் கோட்டோடு புது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். பழைய ரிப்போர்ட் செல்லாது என்று சிவசங்கருக்கு அவரே போனில் சொன்னார். தேவதர்ஷினியின் வேலை தப்பியது; கல்யாணமும் தப்பியது. அம்சவள்ளி மட்டும் இனி அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

தேவதர்ஷினிக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"ஒன்பது வருஷமா தெரிஞ்சும் நீங்க ஏன் சர்வேயரைக் கூப்பிடல?"

"கூப்ட்டா வரப்பு நேராயிடும்." ராஜாங்கம் துண்டை மடித்துத் தோளில் போட்டார். "அப்புறம் இவ எதுக்கும்மா அந்தப் பக்கம் வருவா?"

அம்சவள்ளியின் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெட்டின எடத்த திருப்பிக் குடுத்துடறேங்க."

"எந்த எடம்? எந்த வரப்பு?" என்றார் அவர், திருதிருவென்று விழித்தபடி. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே."

அம்சவள்ளி திரும்பி தேவதர்ஷினியைப் பார்த்தாள்.

"பாத்தியா தர்ஷினி... நான் போட்ட அளவுதான் சரி."