ஊதாச் சாக்குக்குள்

மூன்றாவது நாளாகக் கஞ்சி தொடப்படாமல் இருந்தது.

ஞானம்மாள் குனிந்து பார்த்தாள். சிரட்டையில் மரவள்ளிக் கஞ்சி ஆடை கட்டி, எறும்புகள் செத்து மிதந்தன. அதன் பின்னால் தரைவரை தொங்கும் ஊதாச் சாக்கு. சாக்குக்குள் அவள் புருஷன் சவரிமுத்து.

"ஏங்க, குடிக்கலையா?" என்று கிசுகிசுத்தாள்.

"பசிக்கல, ஞானம்."

காஜா பெராங் ஊரில் இருந்த அந்தச் சின்ன மாதா கோயிலை ஜப்பான்காரன் அரிசிக் கிடங்காக்கி வருஷம் ஒன்றாகிறது. பெஞ்சுகளை அடுப்பில் வைத்தான். நற்கருணை வாங்க முழங்காலிடும் நன்மைக் கிராதியைப் பெயர்த்து லாரிக்குத் தடுப்பு அடித்தான். வலது மாடத்தில் நின்ற அந்தோனியார் சுரூபத்தைத் துப்பாக்கிக் கட்டையால் நொறுக்கினான். தடுக்கப் போன உபதேசியாரின் மண்டையையும் அதே கட்டையால்தான். பாவிப் பயல்கள்! அந்த ரத்தத்தைக் கோயில் பெருக்கும் ஞானம்மாள்தான் துடைத்தாள்.

சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றதும் சவரிமுத்து ஓடிவந்தது இங்கேதான். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தபசு காலத்தின் கடைசி இரண்டு வாரம் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். துணிக்கு எங்கே போவது? மங்குஸ்தான் தோலில் சாயம் ஏற்றிய சாக்குகளால் மூடினாள். காலியாகக் கிடந்த வலது மாடத்தில் புருஷனை நிறுத்தி அவனையும் மூடினாள். வாசலில் இரவும் பகலும் காவல். அவன் அசையவே கூடாது. மூடியதைப் பெரிய சனி பூசை மணி ஒலிக்கும் நேரம்வரை திறக்கக் கூடாது. அதுவரை அவன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தி அவன் உயிரைக் காக்கும் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

பெரிய வியாழனன்று பெருக்கும்போது, அரிசிப் புழுக்க வாடைக்கும் எலிப் புழுக்கை வாடைக்கும் நடுவே ஈரச் சுண்ணாம்பின் வாசனை அந்த மாடத்திலிருந்து வந்தது. கால் பிடித்துவிடலாமென்று சாக்குக்கு அடியில் கைவிட்டாள். சில்லென்றிருந்தது. கால்விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

"என்னங்க இது?"

"மரத்துப்போச்சு. நீ போ, காவல்காரன் பாக்குறான்."

விளிம்பைப் பிடித்தாள். தூக்கிவிடலாமா? இன்னும் இரண்டே நாள். விட்டுவிட்டாள்.

பெரிய வெள்ளி மத்தியானம் நான்கு சிப்பாய்கள் வந்தார்கள். எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான். ஒருவன் அவள் கூந்தலைப் பிடித்துத் தரையில் அழுத்தி முதுகில் பூட்ஸை வைத்தான். மற்றவர்கள் துப்பாக்கி முனையில் கத்தி சொருகி, மூடிய சுரூபங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார்கள்.

சூசையப்பர். டொக். வெள்ளைத் தூள்.

மாதா. டொக். தலை உருண்டது.

வலது மாடம்.

ஆண்டவரே. ஆண்டவரே.

டொக்.

மறுபடி. டொக். டொக்.

ரத்தம் இல்லை. அலறல் இல்லை. வெள்ளைத் தூள்தான் கொட்டியது. சிப்பாய்கள் சலித்துப்போய், அவள் விலாவில் ஓர் உதை விட்டுப் போனார்கள்.

தப்பித்துவிட்டார்! எப்படியோ இறங்கி ஓடிவிட்டார்! ஞானம்மாள் அழுதாள், சிரித்தாள்.

"ஞானம்."

சாக்குக்குள்ளிருந்து.

நேர்த்தியாவது மண்ணாவது. இழுத்தாள்.

சவரிமுத்துதான். கழுத்துவரை வெள்ளை. நெஞ்சில் மூன்று ஓட்டை. மூன்றிலிருந்தும் சுண்ணாம்புத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அடைத்தாள். விரலிடுக்கில் வழிந்தது.

"மூடிடு, ஞானம். திரும்ப வருவானுங்க."

வெள்ளை தாடைக்கு ஏறியது. உதட்டுக்கு. மூக்குக்கு. கண்கள் மட்டும் ஈரமாக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.