நாலாவது க்ளிக்

பிப்ரவரி மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, முழங்காலளவு பனியை மிதித்துக்கொண்டு போய் அந்தப் பண்ணை வீட்டின் கதவைத் தட்டினார் ஆரின் ஹால்டேன். பழைய துப்பாக்கிகளின் வயதையும் விலையையும் கணித்துச் சொல்வது அவர் தொழில். மொன்டானா முழுக்க அதற்காகவே வண்டியோட்டித் திரிகிறவர். அதிலும் புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகாத வீடு என்றால் கொள்ளைப் பிரியம். துக்க வீட்டில் யாரும் பேரம் பேசுவதில்லை.

கதவைத் திறந்தவள் தெல்மா சோர்லி, எழுபது வயது விதவை. உள்ளே விறகுப் புகை மணத்தது. அதற்கு அடியில் ஈரத் தோலும் மெல்லுகிற புகையிலையும் கலந்த ஒரு வாடை.

"யாருங்க புகையிலை போடுறது?" என்றார் ஆரின்.

"இந்த வீட்ல யாரும் போட்டதில்ல. காபி ஊத்தவா?"

ரிவால்வர் சாப்பாட்டு மேஜையில், ஒரு மாவுப் பைத்துணி மேல் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் ஆரினுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. முகத்தை மட்டும் சாவு வீட்டுக்கு வந்தவர் போலவே வைத்துக்கொண்டார். முதலில் தோட்டா போடும் ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தார். எல்லாம் காலி. சட்டத்திலும் விசைக்காப்பிலும் பிடியின் முதுகிலும் ஒரே எண். மரப்பிடியில் ராணுவச் சோதகரின் பொடி எழுத்து அழியாமல் இருந்தது. எண்ணை வைத்துப் பார்த்தால் 1877-இல் செய்தது. பழுப்பேறிய மேல்பூச்சை ஒருவரும் தேய்த்துக் கெடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாற்பதாயிரம் டாலர் தேறும்.

கடைசியாகக் காதால் பார்க்கும் சோதனை ஒன்று பாக்கி. இந்த ரகத்தில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பெருவிரலால் மெல்லப் பின்னுக்கு இழுத்தால் நாலு க்ளிக் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது, விலை போச்சு என்று அர்த்தம்.

"இழுக்கட்டுமா?" என்று முறைப்படி கேட்டுவிட்டு இழுத்தார்.

நாலும் கேட்டது, மணி மணியாக.

"ஐயோ, மூணுதாம்மா" என்றார் ஆரின்.

தெல்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்கு நாலு கேட்டுச்சே?"

"வயசானா காது அப்படித்தான் ஏமாத்தும். உள்ள பல்லு போயிருக்கு. கண்ட உறுப்பையும் பொறுக்கி மாட்டின துப்பாக்கி. என்ன, எண்ணூறு டாலர் தரலாம். அதுவும் உங்க முகத்துக்காக."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணா, நாலா?"

"மூணு. சத்தியமா மூணு."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். இரக்கப்படுகிறாளோ என்று ஆரினுக்குத் தோன்றியது. ஏமாறுகிற கிழவி தன்மேல் எதற்கு இரக்கப்பட வேண்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். சுத்தியலைப் பழையபடி இறக்கி, ரிவால்வரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வண்டியின் பின் இருக்கையில் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். சீட்டியடித்தபடி கிளம்பினார்.

பத்து மைல் தாண்டியிருக்கும். இரண்டு பக்கமும் வெறும் பனி, கம்பி வேலி, வெளுத்த வெயில். வண்டிக்குள் ஈரத் தோல் வாடை அடித்தது. புகையிலை வாடையும்.

பின்னால் இருந்து ஒரு சத்தம்.

க்ளிக்.

சக்கரத்தில் கல் அடித்திருக்கும் என்று நினைத்தார்.

க்ளிக்.

கண்ணாடியில் பார்த்தார். பின் இருக்கையில் பெட்டி மட்டும் இருந்தது.

க்ளிக்.

இம்முறை வலது காதுக்கு நேர் பின்னால். காது மடலில் யாரோ மூச்சு விட்டார்கள். மூச்சு சில்லென்று இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, கழுத்தைத் திருப்பத் தைரியமில்லாமல், நாலாவதுக்காகக் காத்திருந்தார்.

அது வரவில்லை.

மூச்சு மட்டும் அங்கேயே இருந்தது, அவசரமே இல்லாமல்.

வந்த வழியே வண்டியைத் திருப்பினார்.

தெல்மா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ஆரின் உள்ளே ஓடி, சுவரோடு ஒட்டிக் கிடந்த நாற்காலியில் முதுகை அழுத்தி உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தும் மூச்சு போகவில்லை.

"யாரும்மா அது? என்னது அது?"

"மூணு கேட்டுச்சா?"

"ஆமா. நாலாவதுக்கு நிக்குது. அந்தச் சனியனை நீங்களே வச்சுக்கங்க. இல்ல, நாப்பதாயிரம் தர்றேன், முழு விலை. நான் பொய் சொல்லிட்டேன்மா. நாலு! நாலு க்ளிக்தான் கேட்டுச்சு."

சொன்னதும் அவருக்கு நெஞ்சு லேசானது. அழுகையே வந்துவிட்டது.

தெல்மா எழுந்து, அவருக்கு எதிரே நிற்காமல் ஓரமாகப் போய் நின்றாள்.

"எம் புருஷன் எவரெட்டும் ஒரு விதவைகிட்ட மூணுன்னு சொல்லித்தான் அதை வாங்கினாரு" என்றாள் கிசுகிசுப்பாக. "பதினோரு வருஷம் சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டே வாழ்ந்தாரு. சோறு, தூக்கம் எல்லாம் இந்த நாற்காலியிலதான். போன மாசம் மனசு பொறுக்காம எங்கிட்ட உண்மையைச் சொன்னாரு."

"சொன்னதும்?"

"வாயத் திறக்காம இருந்திருந்தா நீங்களும் பதினோரு வருஷம் இருந்திருக்கலாம், மிஸ்டர் ஹால்டேன்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"ரெண்டு தரம் கேட்டேனே. என் காது சரியில்லைன்னீங்க."

ஆரின் வாயைப் பொத்திக்கொண்டார்.

க்ளிக்.

ஷெரீப்பின் ஆட்கள் வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆரினின் உடம்பில் ஒரு காயம்கூட இல்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள். தெல்மா அவர்களுக்கும் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

இளம் அதிகாரி ஒருவன் செத்தவரின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போய், வண்டியில் இருந்த பெட்டியைத் திறந்தான். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. ரிவால்வரின் சுத்தியல் முழுக்கப் பின்னுக்கு இழுபட்டு நின்றது. ஆறு அறைகளும் காலி.

சுத்தியலைத் தளர்த்த எடுத்தவன், சட்டென்று அதைப் பனியில் போட்டுவிட்டான். இவ்வளவு நேரமும் யாரோ கையில் பிடித்திருந்தது போல, மரப்பிடி வெதுவெதுப்பாக, வியர்த்து ஈரமாக இருந்தது.