ஏழாம் எண்ணின் குரல்

"என் தம்பி ஒரு குழந்தையைச் சாகவிட்டவன்னு ஊரே பேசுது ஐயா. நான் அவனுக்கு அக்கா. அழுதா, பாசம் கண்ணை மறைக்குதுன்னு சொல்லிடுவாங்க. அதனால அழுது முடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

வந்தவள் தையல்காரி. அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது, கழற்றிவைக்க மறந்திருந்தாள். எதிரே அமர்ந்திருந்தவர் முப்பத்தோர் ஆண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பிறர் சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுதி எழுதி, மனிதர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைக் கேட்கப் பழகியவர். சன்னலோரம் நின்றவன் பத்திரிகைப் புகைப்படக்காரன். அவன் வந்து சேருமுன் அவனுடைய கேள்வி வந்து சேர்ந்துவிடும் என்பதால் 'அவசரம்' என்ற பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது.

நடந்தது ஊரறிந்த செய்தி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சில குடும்பங்கள் ஒன்றுகூடி, மாதம் இருமுறை அவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்வது வழக்கம். அச்சகம் பார்த்தார்கள், ரொட்டி ஆலை பார்த்தார்கள். சென்ற வியாழக்கிழமை காலை குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பன்னிரண்டு குழந்தைகள் போனார்கள். பதினொருவர் திரும்பினார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வடிகட்டித் தொட்டியிலிருந்து பிணமாக எடுக்கப்பட்டாள்.

"வேன்ல ஏறும்போது பன்னிரண்டு பேரும் சரியா இருந்தாங்களாம். கணக்கு மாமா எண்ணிட்டு, நிலையத்து மேற்பார்வையாளரோட பார்வையாளர் பதிவேட்டுல கையெழுத்துப் போடப் போனாராம். அந்தப் பத்து நிமிஷத்துல வேன் ஓட்டுநரான என் தம்பி அசட்டையா இருந்துட்டான், அந்தப் பொண்ணு இறங்கி, வேலி ஓட்டை வழியாப் புகுந்து, தண்ணியில விழுந்துட்டான்னு வழக்கு."

"கணக்கு மாமாங்கறது?"

"அந்தக் கூட்டத்துல ஒரு அப்பா. எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கறவர். பயணத்துக்கு அவர்தான் பொறுப்பு."

"உங்க தம்பி என்ன சொல்றார்?"

"வண்டியை விட்டு ஒரு குழந்தையும் இறங்கலன்னு சொல்றான். சின்ன வயசுல பொய் சொன்னா மூக்கைச் சொறிவான் ஐயா. நேத்து லாக்கப்புல அரைமணி நேரம் பார்த்தேன். சொறியவே இல்ல."

அவசரம் சிரித்தான், சிரித்ததற்கு வெட்கிக் குனிந்தான்.

இறந்த சிறுமியின் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. இரண்டு நாற்காலிகள், இரண்டு பென்சில் டப்பாக்கள். தாய், கண்ணாடிக் கடையில் கணக்கர். பயணத்தன்று வேலையில் இருந்தாள். ஏழு வயது இளைய மகள் மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல தினமும் காலையில ஆளாளுக்கு எழுந்து தன் எண்ணைச் சொல்லணும்," என்றாள் தாய். "பெரியவளுக்கு வாய் திக்கும். அவ முறை வந்ததும் வகுப்பே சிரிக்கும். மூணு மாசம் அவ வாயே திறக்கல. அதான் போதும்டா சாமின்னு கூட்டிட்டு வந்துட்டேன்."

"வீட்ல பேசுவாளா?"

"வீட்ல அவளுக்கு வாய் சின்னவதான். பசிக்குதான்னு அவகிட்ட கேட்டா, பதில் இவகிட்ட இருந்து வரும். அன்னியிலிருந்து இவளும் பேசறதில்ல."

அவசரம் குனிந்தான். "பாப்பா, அக்கா வேன்ல இருந்து இறங்கறதைப் பார்த்தியா?"

குழந்தை முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டது. சுருக்கெழுத்தர் அவன் தோளைத் தொட்டு நிமிர்த்தினார். "வா, போகலாம்," என்றார்.

நிலையத்தின் மேற்பார்வையாளர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். வடிகட்டிக் கூடத்தின் வாசலில் செருப்பு வைக்க ஓர் இரும்புத் தட்டு. 'காலணிகளைக் கழற்றி வைக்கவும்' என்று எழுதியிருந்தது. உள்ளே நீண்ட தொட்டி, அதைச் சுற்றி இரும்புக் கைப்பிடி, ஏணி இறங்கும் இடைவெளியில் ஒரு சங்கிலி. எந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்கவில்லை.

"இந்தச் சங்கிலி எப்பவும் பூட்டித்தான் இருக்கும் சார்," என்று உரக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். "அந்தப் பொண்ணு வேலிப்பக்கமா வந்து, பின்வாசல் வழியா ஏறி விழுந்திருக்கு. செருப்பைக்கூட வேலி ஓரம்தான் விட்டிருந்துச்சு."

சங்கிலி துருப்பிடித்திருந்தது. பூட்டு புத்தம் புதிதாக மின்னியது.

வெளியே, வேன் நின்ற இடத்திலிருந்து வேலிவரை குழாய் பதிக்கத் தோண்டிய மண். புதன்கிழமை இரவு பெய்த மழையில் குழம்பியது இன்னும் காயவில்லை. அவசரம் முந்திக்கொண்டு நடந்து, கணுக்கால்வரை புதைந்து, ஒரு காலணியைச் சேற்றுக்கே தானம் கொடுத்தான்.

"நல்லது," என்றார் சுருக்கெழுத்தர். "நீ அன்னிக்கு எடுத்த செருப்புப் படம் இருக்கா?"

"இருக்கு சார். வெள்ளைச் செருப்பு. ஜோடியா, அழகா வச்சிருந்துச்சு..." பேசிக்கொண்டே தன் காலைப் பார்த்தான். முதல்முறையாக அவனுக்கு அடுத்த கேள்வி வரவில்லை.

ஞாயிறு முற்பகல், அந்தக் குடும்பங்கள் வாரந்தோறும் கூடும் மாடி அறையில் எல்லாரும் கூடினர். சுவரில் உலகப்படம், மூலையில் மண்புழு வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி. பெற்றோர், காவல் ஆய்வாளர், மேற்பார்வையாளர், தையல்காரி எல்லாரும் இருந்தனர். பிள்ளைகளின் பயண ஏடுகள் பதினொன்றும் மேசையில் இருந்தன. குழுவுக்கு ஒரு விதி: நின்ற இடத்தில், பார்த்ததை மட்டும் வரைய வேண்டும், அழகுக்காக எதையும் சேர்க்கக் கூடாது.

சுருக்கெழுத்தர் கணக்கு மாமாவிடம் திரும்பினார். "உங்க வாக்குமூலத்துல 'பன்னிரண்டு எண்ணும் கேட்டேன்'னு இருக்கு. அன்னிக்குச் செஞ்ச மாதிரியே ஒரு தடவை எண்ணிக் காட்டுங்க."

"இப்ப எதுக்குங்க அது?"

"அன்னிக்கு எப்படி நின்னீங்களோ அப்படியே."

கணக்கு மாமா பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைக் கையில் ஏந்தி, தலையைக் கவிழ்த்து, பேனாவை எடுத்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றனர். பழகிய குரல்கள் தொடங்கின.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு." "அஞ்சு." "ஆறு."

"ஏழு. எட்டு."

"ஒம்பது." "பத்து." "பதினொண்ணு." "பன்னிரண்டு."

பேனா பன்னிரண்டு கோடுகள் கிழித்தது. "பன்னிரண்டு, சரி," என்றார் கணக்கு மாமா. சொன்ன பிறகுதான் அவர் கை நின்றது. தலை நிமிர்ந்தது. எதிரே பதினொரு குழந்தைகள் நின்றார்கள்.

சின்னவள் இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குழந்தை பொய் சொல்லல," என்றார் சுருக்கெழுத்தர். "அக்காவுக்கு வாய் திக்கும்னு, ஒவ்வொரு பயணத்துலயும் இவதான் ரெண்டு எண்ணையும் சொல்லியிருக்கா. அன்னிக்கும் அதையேதான் செஞ்சா. அக்கா அந்த நேரம் வேன்லயே இல்ல. படத்தை முடிக்கறதுக்காகத்தான் இருக்கணும், வடிகட்டிக் கூடத்துலயே நின்னுட்டா. ஓட்டுநர் சொன்னது உண்மை. வண்டியிலிருந்து யாரும் இறங்கல, ஏன்னா அவ ஏறவே இல்ல."

"வேலி ஓரம் செருப்பு இருந்துச்சே," என்றார் மேற்பார்வையாளர்.

"இருந்துச்சு. அந்தச் சேத்துல நடந்த என் நண்பன் ஒரு செருப்போட திரும்பி வந்தான். குழந்தையோட செருப்புல ஒரு துளி சேறு இல்ல. நடந்து போன செருப்பு இல்லீங்க அது. கூடத்து வாசல் தட்டுல இருந்து யாரோ தூக்கிட்டுப் போய் வச்சது. ஆய்வாளர் ஐயா, அந்த ஏடுகளைப் பிரிங்க. வடிகட்டிக் கூடத்துப் பக்கம்."

ஆய்வாளர் பிரித்தார். ஒன்றில் தொட்டி கோணல்; ஒன்றில் கைப்பிடி மட்டும்; ஒன்றில் மேற்பார்வையாளரின் மீசை தொட்டியைவிடப் பெரியது. ஆனால் பதினோர் ஏடுகளிலும் சங்கிலி இடைவெளியின் குறுக்கே இல்லை. ஒரு பக்கமாகக் கீழே தொங்கியது.

மேற்பார்வையாளர் கைக்குட்டையை எடுத்தார். "பிள்ளைங்க கிட்டப் போய்ப் பார்க்கட்டும்னுதான் கழட்டினேன்," என்றார் மெல்ல. "கையெழுத்து வாங்கிட்டுப் பூட்டப் போனேன். அப்பதான் தண்ணியில பார்த்தேன். அசைவு இல்ல. எனக்கும் குடும்பம் இருக்குங்க..."

"ஓட்டுநருக்கும் இருக்குங்க," என்றாள் தையல்காரி. "நான்தான் அது."

பதிவேடு நிரம்பினால் பொறுப்பு நிறைந்தது என்று நம்பும் மனிதர்கள் வாழும் ஊரில், பழி எப்போதும் பதிவேட்டில் கையெழுத்திடும் உரிமை இல்லாதவன் தலையில்தான் விழும். அன்று அதை அந்த அறை கண்ணால் கண்டது. எண்ணைக் கேட்டவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குரலுக்குக் கோடு போட்டவர்கள், குரலற்ற ஒரு குழந்தை தங்களிடையே இருந்ததையே அறியவில்லை.

ஆய்வாளர் மேற்பார்வையாளரின் கையைப் பற்றினார். தையல்காரியிடம், "சாயந்திரத்துக்குள்ள உங்க தம்பியை வெளியே விடறதுக்கு ஏற்பாடு செய்யறேன்மா," என்றார். அவள் தலையசைத்தாள். அப்போதுதான் கழுத்து நாடாவைக் கவனித்துக் கழற்றிச் சுருட்டினாள்.

தாய் கணக்கு மாமாவின் எதிரே வந்து நின்றாள். "எண் சொல்லச் சொல்லி அவளை அழவச்சாங்கன்னுதான் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வந்தேன். நீங்களும் அதையேதானா செஞ்சீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "சின்னவ இவளுக்கும் சேர்த்துச் சொன்னது எனக்கும்தான் தெரியல," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

சுருக்கெழுத்தர் சின்னவளின் முன் முழங்காலிட்டார். "அக்கா வந்துடுவான்னு நெனச்சியா?"

நான்கு நாள் மௌனம் உடைந்தது. "செருப்பு மாட்டிக்கிட்டு வருவான்னு நெனச்சேன். நான் சொல்லலன்னா எல்லாரும் அவளைப் பார்ப்பாங்க. அவ அழுவா."

"உன்மேல தப்பே இல்லம்மா. எண்ண வேண்டியது பெரியவங்க வேலை. இனிமே நீ எட்டு மட்டும் சொன்னாப் போதும்."

குழந்தை யோசித்தது. "அப்ப ஏழுன்னு யாரு சொல்லுவாங்க?"

அறை நிறையப் பெரியவர்கள் இருந்தார்கள்.

கணக்கு மாமா பதிவேட்டை மூடி மேசையில் வைத்தார். எழுந்து வந்தார். வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு குழந்தையின் முன்னும் நின்று, முகத்தை நிமிர்த்திப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். ஆறாம் குழந்தைக்கும் சின்னவளுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தின் முன்னும் அவர் நின்றார்.