கூழ் இழுத்த சிவப்புக் கார்

கார்குழலி வீட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சும்மா அளக்கவில்லை, நிஜமாகவே இருந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, கோவைப்பழச் சிவப்பு.

அது வந்ததே ஒரு கூத்து. அவளுடைய அப்பா கலைவாணன் அரியாங்குப்பத்தில் கார் பட்டறை வைத்திருந்தார். பிரான்சுக்குக் குடிபோகக் கிளம்பிய ஒரு பெரியவர், பல வருஷமாக ஓடாமல் கிடந்த அந்தக் காரை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "இதை ஓட வெச்சுட்டா நீயே வெச்சுக்க கலைவாணா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அப்பா அதோடு மல்லுக்கட்டி ஒருவழியாக ஓட வைத்தார்.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் ஒரு வேலை செய்தார் பாருங்கள்! காரின் பின்னால் இரும்புக் கொக்கி ஒன்றைப் பற்றவைத்து, அதில் ஒரு குட்டி டிரெய்லரை மாட்டிவிட்டார். டிரெய்லரில் என்ன? கேழ்வரகுக் கூழ்!

அம்மா சிவசங்கரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரத்தடியில் கூழ் விற்றாள். குண்டான்களை ஏற்றிப்போன பழைய மூன்று சக்கர வண்டி ஒருநாள் உயிரை விட்டுவிட்டது.

"வீட்ல ஒரு காரு சும்மாதானே நிக்குது. அது இழுக்காதா?" என்று கேட்டாள் அம்மா.

இழுத்தது. ஆனால் வேகமாகப் போனால் கூழ் தளும்பிவிடும். அதனால் பறக்க வேண்டிய கார் எறும்பு மாதிரி ஊர்ந்தது. குண்டான் மூடிகள் வழியெல்லாம் டங் டங்கென்று அடித்துக்கொள்ளும். சைக்கிள்காரர்கள் மணி அடித்துவிட்டு முந்திப் போவார்கள். ஒருநாள் வாக்கிங் போன ஒரு தாத்தாகூட முந்திவிட்டார் என்று அம்மா சத்தியம் செய்கிறாள்.

இதெல்லாம் கார்குழலியின் தோழிகளுக்குத் தெரியாது. முதலியார்பேட்டைப் பள்ளியில் அவள் ஐந்தாம் வகுப்பு. "எங்க காரு கிளம்புச்சுன்னா கண்ணுக்கே தெரியாது" என்று அபியிடமும் சுடர்விழியிடமும் பெருமையடித்து வைத்திருந்தாள். கூழைப் பற்றி மூச்சு விடவில்லை. பள்ளிக்கு டெம்போவில் வந்து போனாள். அப்பா கூப்பிட்டால், "டெம்போதான்பா ஜாலி" என்று நழுவிவிடுவாள்.

எத்தனை நாளைக்கு நழுவ முடியும்? ஒரு திங்கட்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாள்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. மூன்று பேரும் பள்ளி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டங்... டங்... டங்... குழலிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

"ஏய், சிவப்புக் காரு!" என்று குதித்தாள் அபி. "உங்க காராடி?"

"பின்னாடி பாரேன், குண்டானை இழுத்துக்கிட்டு வருது!" சுடர்விழி விழுந்து விழுந்து சிரித்தாள். "கூழு காருடி!"

கார் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. குழலியின் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எங்களுது இல்ல" என்றாள். "இது யாரோ கூழ்க்காரரு. எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுத் திரும்பினால், அப்பா! கையில் டப்பாவோடு இரண்டடி தள்ளி நின்றார். அவர் காதில் விழுந்துவிட்டது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எப்போதும் இருக்கும் சிரிப்பு அப்படியே பாதியில் நின்றிருந்தது.

அப்பா திட்டவில்லை. டப்பாவை நீட்டினார்.

"பாப்பா, கார்குழலின்றது நீதானா?" என்று கேட்டார். "உங்கப்பா குடுத்தனுப்பினாரு."

டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார். வீட்டில் அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டதே கிடையாது. குழலி என்பார், செல்லம் அதிகமானால் குழலிக்குட்டி என்பார்.

மதியம் டப்பாவைத் திறந்தாள். அவளுக்கு உயிரான புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. ஒரு வாய்கூட இறங்கவில்லை. 'சீ, நானெல்லாம் ஒரு பொண்ணா' என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் அம்மா, "ஏங்க, காலையில டப்பாவை இவ கையிலயே குடுத்தீங்களா?" என்று கேட்டாள். காரிலேயே உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்றார் அப்பா. அவ்வளவுதான். ஒரு அடி வைத்திருந்தாலாவது குழலி அழுது தீர்த்திருப்பாள். அவர் வழக்கம்போலத் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். குழலிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"நாளைக்கு நம்ம வண்டியில வா குழலி. நான் கொண்டு விடறேன்" என்றார் கை கழுவிக்கொண்டே.

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தலையை ஆட்டினாள்.

மறுநாள் அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு பை வைக்கிற அளவு இடத்தில் குழலி சுருண்டுகொண்டாள். ஆற்றுப்பாலத்தில் சைக்கிள்கள் முந்தின. குண்டான்கள் டங் டங் என்றன. பள்ளிக்கு முந்தைய தெருமுனையில் அப்பா காரை நிறுத்தி இறங்கினார். பின்பக்கம் போய் டிரெய்லரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னாங்க பண்றீங்க?" என்றாள் அம்மா.

"ஸ்கூல் வாசல்ல இதை நிறுத்த இடம் இல்ல சிவசங்கரி. நீ பார்த்துக்கிட்டு இரு. நான் இவளை விட்டுட்டு வந்துடறேன்."

"நேத்து இருந்த இடம் இன்னிக்கு எங்க போச்சு?"

அப்பா கொக்கியைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தார். இரண்டு சக்கர டிரெய்லர், கழற்றினால் முன்பக்கம் மூக்கு குத்திச் சாயும். அதற்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்தார். கல் ஆடியது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, டிரெய்லரின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் வாங்க. கூழு சாஞ்சிடப் போவுது!"

குழலி முன் இருக்கைக்கு மாறினாள். கார் 'விர்ர்ர்' என்று சீறிக்கொண்டு கிளம்பியது. கூழ் இல்லை, டங் டங் இல்லை. அவள் எத்தனையோ நாள் ஆசைப்பட்டது இதுதான். பக்கக் கண்ணாடியில் அம்மா தெரிந்தாள். வெயிலில் குனிந்து நின்று, கம்பியைப் பிடித்தபடி, சின்னதாகிக்கொண்டே போனாள்.

வாசலில் அபியும் சுடர்விழியும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"இறங்கு குழலி, உன் பிரண்டுங்க பாக்கறாங்க" என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "நான் யாருன்னு கேட்டா டிரைவர்னு சொல்லிக்க. பரவால்ல" என்றார்.

குழலிக்கு மளமளவென்று கண்ணீர் கொட்டியது. நேற்றைய வெட்கம் எல்லாம் ஒரு வெட்கமா? இதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

"வண்டியைத் திருப்புப்பா!"

"ஏன், என்னத்த மறந்துட்ட?"

"அம்மாவை! கூழை! திருப்புப்பா, கை வலிக்கும் அம்மாவுக்கு!"

அப்பா காரைத் திருப்பினார்.

தெருமுனையில் அம்மா இன்னும் கம்பியை விடாமல் நின்றாள். அப்பா டிரெய்லரைத் தூக்கிக் கொக்கியில் வைத்தார். குழலி ஓடிப்போய்க் குண்டான் மூடிகளை அழுத்தி மூடினாள். மறுபடியும் பின்னால் சுருண்டுகொண்டாள்.

டங்... டங்... டங்... எறும்பு வேகத்தில் கார் பள்ளி வாசலுக்கு வந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனாலும் குழலி இறங்கினாள், அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகத் தோழிகளிடம் போனாள்.

"இவரு எங்கப்பா. அது எங்கம்மா. கூழு எங்களுது. நேத்து தெரியாதுன்னு சொன்னேன் இல்ல, அது பொய்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப, நேத்து டப்பா குடுத்தாரே..." என்று இழுத்தாள் அபி.

"அவரேதான்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"வெக்கமா இருந்துச்சு" என்றாள் குழலி. "இப்ப அப்படிச் சொன்னதுக்குத்தான் வெக்கமா இருக்கு. மன்னிச்சுக்கப்பா."

அப்பா அவள் தலையில் கை வைத்தார்.

சுடர்விழி தரையைப் பார்த்துக் காலைத் தேய்த்தாள். கூழு காரு என்று கத்தியது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு தலையைத் தூக்கி, "மோர் மிளகா இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"இல்லாமயா!" என்று அம்மா டம்ளரை எடுத்தாள். மணி அடிப்பதற்குள் அபி இரண்டு டம்ளர் குடித்துவிட்டாள்.

அப்பா காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். முகத்தை வேண்டுமென்றே யாரோ போல வைத்துக்கொண்டார்.

"பாப்பா, உங்கப்பாவைக் கேட்டதாச் சொல்லு!"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரோட அப்பாவை?"

"எங்கப்பாவைத்தாம்மா!" என்று கத்தினாள் குழலி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சிவப்புக் கார் டங் டங்கென்று ஊர்ந்து கிளம்பியது. மணி அடித்துக்கொண்டு அதை முந்தப் போன ஒரு சைக்கிள்காரரைக் கூப்பிட்டு அவள் சொன்னாள்:

"பாத்துப் போங்கண்ணா, அது எங்கப்பா வண்டி!"