தினமும் புதுத் தண்ணீர்

எண்பத்து நான்காம் வருடம், பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் வேன் டிரைவராகச் சேர்ந்தேன். சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டரில் இருந்தது தண்ணீரே இல்லை, துருக் கஷாயம்.

"எல்லாம் காசிநாதன் வேலை," என்றார் மெக்கானிக் வாஹித் பாஷா. எனக்கு முன் அந்த வண்டியை ஓட்டியவர் காசிநாதன். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, வெந்து செத்தவர். "தெனம் காலைல தண்ணி மாத்துனா இஞ்சினுக்கு நல்லதுன்னு தோல் பதம்போடுற ஷாப் கெணத்துல மொண்டு ஊத்துவாரு. அத்தனையும் உப்பு. நீ பச்சை கூலண்ட் ஊத்து. வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்துனா போதும்."

லாங் பஜார் வரை போய் டின் வாங்கி வந்து, ரேடியேட்டரைக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றினேன்.

மறுநாள் காலை திறந்தால் பழுப்புத் தண்ணீர். ஊறிய தோலின் நாற்றம்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கழுவி ஊற்றினேன். அடுத்த நாளும் அதே கதை. ஷெட்டைப் பூட்டினேன். பூட்டு பூட்டியபடி இருந்தது, தண்ணீர் மட்டும் மாறியிருந்தது. "இன்னாப்பா, கூலண்ட்ட நீயே குடிக்கிறியா?" என்று வாஹித் பாஷா கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் விடியலில் ஷெட் வாசலில் காவல் உட்கார்ந்தேன்.

உள்ளே பக்கெட் தரையில் உரசியது.

பிறகு தண்ணீர் விழும் சத்தம். நிதானமாக, ஒரு சொட்டும் சிந்தாமல்.

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். யாரும் இல்லை. பானெட் தூக்கியிருந்தது.

அந்நேரம் பார்த்து நர்ஸ் கிரேஸி ஓடி வந்தாள். மலையடியில் அம்சவேணி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். கழுவ ஏது நேரம்? அப்படியே வண்டியை எடுத்தேன்.

அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் இஞ்சின் கொதித்து நின்றது. அது ஆறுகிற வரை ஏறுவெயிலில் அம்சவேணி கத்திக்கொண்டிருந்தாள்.

குழந்தை வேனிலேயே பிறந்தது.

அழவில்லை.

ஆத்திரத்தில் வண்டியை எட்டி உதைத்தேன். "யோவ் காசிநாதா! ஒன் தண்ணிதான்யா இந்தப் புள்ளயக் கொன்னுச்சி! இந்த வண்டிய உட்ருய்யா!"

புகைந்துகொண்டிருந்த ரேடியேட்டர் சட்டென்று அடங்கியது.

மறுநாள் கூலண்ட் மாற்றினேன். அதன் பிறகு இரண்டு நாளும் பச்சை நிறம் மாறவே இல்லை. விட்டது சனியன் என்று ஷெட்டில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். வார்டிலிருந்து கிரேஸி ஒரு சொம்போடு வந்தாள்.

"ஐசக் அண்ணே, இத மோந்து பாருங்க. அம்சவேணி கட்டிலாண்ட தெனம் காலைல யாரோ ரொப்பி வெச்சிட்டுப் போறாங்க."

பழுப்புத் தண்ணீர். ஊறிய தோலின் நாற்றம்.

"கீழ கொட்டும்மா அத!" என்றேன்.

கிரேஸி கொட்டவில்லை.

"எப்டிண்ணே கொட்றது? மூணு நாளா அம்சவேணி இதத்தான் குடிக்கிறாங்க. வேற தண்ணி குடுத்தா துப்பிட்றாங்க."